உச்சிக்குப் போன பாதித் தேங்காய்

றூபினியின் கணவன் ரதீசனுக்கு வியாழக்கிழமை இருதய ஆபரேஷன். அதற்குள் ஒரு மலையுச்சியில் தேங்காய் உடைப்பதாக அவள் முருகனுக்கு நேர்ந்திருந்தாள். வீட்டுக்குப் பக்கத்து மனோர் பார்க் முருகன் கோயில் தட்டை நிலத்தில் இருக்கிறது. இந்த நேர்த்திக்கு அது போதாதாம். அவளுடைய அண்ணன் கிருஷ்ணராசா உணவுக் கிடங்கில் பார்த்த இரவு ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடந்தான். கடவுள் நம்பிக்கை கிடையாது. கார் ஓட்டுவான், அதனால் அவனைப் பிடித்தாள்.

பேர்பெற்ற மலை என்றால் அங்கே வருகிறவர்கள் தேங்காய் உடைப்பதைப் படம் பிடிப்பார்கள் என்று அவள் பயந்தாள். ஸ்கொட்லாந்தின் வடக்கே, யாரும் எட்டிப் பார்க்காத ஒன்றை அவன் தேர்ந்தெடுத்தான். பாதையே இல்லை. ஈரப் புல், கரிய சேறு, போகப்போக மூடுபனி. றூபினி வழுக்கி விழுந்து முழங்காலை அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு கற்குவியல் தெரிந்தது. அதற்கப்பால் எல்லாம் வெள்ளை. சப்பாத்தைக் கழற்றினாள். கற்பூரம் காற்றில் பற்றவில்லை. தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. அவள் முகம் தெளிந்தது.

அப்போதுதான் பனி விலகியது. ஒரு பள்ளத்துக்கு அப்பால், இன்னும் உயரமாக ஒரு மலைமுடி நின்றது.

"அதுதானோ அண்ணை உச்சி?"

"ஓம். இது மலையின்ர வெறும் தோள்."

முருகன் குறை பிடிக்கமாட்டார் என்று அவன் சொல்லியிருக்கலாம். நம்பாதவன் அவருக்காகப் பேசுவது அவனுக்கே அசிங்கமாகப் பட்டது. அவள் எழப் பார்த்தாள்; முழங்கால் விடவில்லை. ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள்.

"நீங்கள் கொண்டுபோய் வையுங்கோ. சப்பாத்தோட நிக்காதேங்கோ."

"கால் விறைச்சா எனக்கும் ஆபரேஷன்தான்."

"அதுக்கு வேற நேர்த்தி வைக்கிறன்."

பள்ளத்தில் இறங்கியதும் பனி மறுபடி மூடிக்கொண்டது. அங்கேயே ஒரு கல்லில் வைத்துவிட்டுத் திரும்பலாம். யாருக்கும் தெரியாது. வேலையிடத்தில் அதைத்தானே செய்தான்: எட்டிப் பார்க்காத குளிரறைகளுக்கெல்லாம் பார்த்ததாகக் கையெழுத்து. பிறகு ரதீசன் நினைவுக்கு வந்தான். வியாழக்கிழமை அவன் நெஞ்சைத் திறக்கிறவர், இவ்வளவு போதும் என்று பாதியில் நினைக்கக் கூடாது. கிருஷ்ணராசா ஏறினான்.

மேலே கொஞ்சம் கற்கள், காற்று. தேங்காயை வைத்தான். சப்பாத்தைக் கழற்றினான், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினான். திரும்பப் போட்டபோது விறைத்த விரல்களால் அதன் கயிறுகளைக் கட்ட முடியவில்லை.

"உச்சியிலதானே?" என்றாள் றூபினி, அவன் திரும்பி வந்ததும்.

"ஓம்."

சேற்றில் இழுபட்டு வந்த கயிறுகளை அவள் பார்த்தாள். வலியோடு குனிந்து அவற்றைக் கட்டிவிட்டாள்.