பிஷப்பின் காது

"மூச்சு விடாதம்மா!" என்று வழிகாட்டிப் பெண்ணைக் கையமர்த்திவிட்டு, பெரியவர் சுவர்த் துளையில் காதை அழுத்தினார்.

பழைய பிஷப் மாளிகையின் மாடிப் படுக்கையறை அது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் பேசுவதையெல்லாம் பிஷப் படுத்தபடியே இந்தத் துளை வழியாகக் கேட்பாராம். "பாவமன்னிப்புக் கூண்டுல கேட்டது பத்தலை போல!" என்று அவள் இப்போதுதான் சிரித்திருந்தாள்.

கீழேயிருந்து மகனின் குரல் கணீரென்று வந்தது.

"இனிமே அப்பாவை வச்சுக்க முடியாது. நாளைக்கே முதியோர் இல்லத்துல தள்ளிடலாம்."

"அவர் வீட்டை நாம வித்தது அவருக்குத் தெரிஞ்சா?" இது மருமகள்.

"தெரிஞ்சா என்ன கிழிச்சிடுவார்?"

பெரியவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேட்டதை அவன்கிட்டச் சொல்லிடாதம்மா. கூனிக்குறுகிப் போயிடுவான். என் முகத்தைப் பார்த்து இப்படிப் பேச அவனுக்குத் தைரியமே வராது."

அவள் முகம் வெளிறியது.

"ஐயா, போன வாரமே ரெண்டு பேரும் வந்தாங்க. மருமகளை இங்க நிக்க வச்சு, கீழேருந்து பேசிப் பார்த்துட்டுப் போனார். ஏதோ நல்ல சேதி சொல்லப் போறார்னு நினைச்சேன். இன்னைக்கு உங்களை இந்தத் துளைகிட்ட நிறுத்தச் சொன்னதே உங்க பிள்ளைதான்."