இருமுறை எழுதப்பட்ட பெயர்

ஆற்றின்மேல் படிந்த வெண்பனி கரையேறி, பாலத்தைக் கடந்து, அடைத்த கடைக்கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுக் குன்றின் அடிவரை பரந்து கிடக்க, கதிரவன் எழுந்தும் எழாதவன்போல் வெளிறி நின்ற திங்கட்கிழமைக் காலை அது. உருவம் தெரியுமுன் காலடியோசை கேட்டது. நடுப்படிகள் தேய்ந்து குழிந்த பழைய ஆவணக் காப்பகத்தின் வாயிலில், கதவு திறக்குமுன்னரே வந்து நிற்கும் பெண்ணொருத்தியைக் காண்பீராக, அன்புடைய படிப்பாளரே.

பிறருடைய குடிவழியை ஆராய்ந்து வரைந்து கொடுப்பது அவள் தொழில். எவர் வீட்டுப் பரணையும் விட்டுவைக்காதவள் என்பதால் உறவினர் அவளைத் 'துருவி' என்றனர். ஒரு சான்று கிடைத்தால் கரிக்கோலாலும், இரண்டாம் சான்று கிடைத்தபின் மையாலும் எழுதுவது அவள் நெறி. மற்றொரு நெறியும் உண்டு: ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே பெயர், ஆண்டு மட்டும் வேறு எனில் அது எழுத்தரின் பிழை, இரு பதிவுக்கும் உரியவர் ஒருவரே. வரும் ஞாயிறன்று உறவெல்லாம் கூடித் தம் குடியின் வரைபடத்தைக் காண இருந்தனர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் எஞ்சியிருந்தது, தன் பிறப்பை மூல ஏட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே.

"இன்னிக்கு யாரு தாத்தாவ எழுப்பப் போறீங்க?" என்றார் காப்பாளர்.

"இன்னிக்கு என்னையேதான் தேடி வந்திருக்கேன்."

"அட, எப்பம்மா தொலைஞ்சு போனீங்க?"

சிரித்தபடி ஏட்டை விரித்தாள். அவள் பிறந்த நாள் இருந்தது. ஆனால் அதற்கு ஈராண்டு முந்திய ஏட்டிலும் அதே தந்தை, அதே தாய், அதே வீட்டு எண், அதே பெயர். அந்த முந்திய ஆண்டை முன்பொருமுறை ஏட்டின் நகலொன்றில் கண்டு, பிழையென்று தானே அடித்துத் திருத்தியது நினைவுக்கு வந்தது. இங்கோ, வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மருத்துவச்சியின் ஒப்பத்தோடு இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டு எழுத்தர்கள் ஒரே பிழையைச் செய்வதில்லை.

செவ்வாயன்று இறப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். காய்ச்சலால் இறந்த குழந்தை, அகவை ஒன்றேகால் என்ற வரியின் தலைப்பில் தன் பெயர் நிற்கக் கண்டாள். தன் இறப்பைத் தானே படித்தவள், அந்த வரிக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் மேசைமேல் நாற்பது ஆண்டுகளாக நிற்கும், தன்னுடையது என்றே நம்பியிருந்த குழந்தை நிழற்படத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலுள்ள குழந்தைக்கு இடக்கண்ணின்கீழ் ஒரு மச்சம். அவளுக்கு அங்கே மச்சமில்லை. வளர வளர மறைந்துவிட்டது என்று தாய் சொன்னதை அவள் ஒருநாளும் ஐயுற்றதில்லை. எல்லோரிடமும் இரண்டாம் சான்று கேட்டவள், தன் முகத்துக்கு மட்டும் கேட்காமலே இருந்துவிட்டாள்.

புதன்கிழமை இடுகாட்டுக்குச் சென்றாள். செம்மண் சேறு செருப்பைப் பற்றி இழுத்தது. பாசி மூடிய கற்களின் வரிசையில் ஒரு சிறுகல் மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வெளுத்திருந்தது.

"அதக் கழுவ ஒரு வயசான அம்மா மாசாமாசம் வருவாங்க. நீங்க அவங்க பொண்ணா? உங்க பேரு என்ன?" என்று கேட்டார் காவற்காரர். அவள் சொன்னாள்.

"கல்லுல இருக்கிறத நானே படிச்சிருக்கேம்மா. உங்க பேரக் கேட்டேன்."

"அதுதாங்க என் பேரு."

அவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து போனார்.

வியாழன் பிற்பகல், பின்னறையிலிருந்து தாய் அவள் பெயரைச் சொல்லி அழைத்தாள். அவள் ஓடிப்போய், "என்னம்மா?" என்றாள்.

"உன்னக் கூப்பிடலடி, போ."

இச்சொற்களை வாழ்நாளில் நூறுமுறை கேட்டு, தாயின் மறதியென்று நகைத்திருக்கிறாள். அன்று நகைக்கவில்லை. தாயின் எதிரில் இருந்த நாற்காலி, யாரோ அமர்வதற்கு ஏற்றவாறு சற்றே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

வெள்ளியன்று, கண்ணாடிக்கடை வைத்திருக்கும் தாய்மாமனிடம் ஏட்டின் நகலை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அணிந்து, அப்போதும் படிக்காமல் சொன்னார்:

"ஊரான் வீட்டு எலும்பெல்லாம் எண்ணி முடிச்சு நம்ம வீட்டுக்கே வந்துட்டியா? அக்காவுக்கு இதயம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. ஞாயித்துக்கிழமை அத்தன பேரு முன்னாடி இத விரிச்ச, அப்புறம் இன்னொரு தேதியும் நீயே எழுத வேண்டியிருக்கும்."

"எழுதலேன்னா அவ பொறக்கவே இல்லேன்னு ஆயிடும் மாமா. பன்னெண்டு வருஷமா அப்படித்தான் வெச்சிருந்தேன். என் கையாலயே அடிச்சேன்."

"அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்மா."

சனிக்கிழமை முழுதும் வரைபடத்தின்முன் அமர்ந்திருந்தாள். எழுதினால் தாயை இழக்கலாம். எழுதாவிடில் தமக்கையை இரண்டாம் முறை புதைப்பாள். மாலை மங்குமுன், தன் கட்டத்துக்கு இடப்புறத்தில் கரிக்கோலால் ஒரு கட்டம் வரைந்து, பெயரிடாது விட்டாள்.

ஞாயிறு வந்தது. கூடத்தில் வரைபடம் விரிந்தது. "என் மூக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கியா துருவி? நான் வழக்குப் போடணும்" என்று சித்தப்பா கேட்க, எல்லோரும் சிரித்தனர். தாய் குனிந்து, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி வந்தாள். அவள் விரல் வெற்றுக் கட்டத்தில் நின்றது. மாமன் இருமினார். சிரிப்பு அடங்கியது.

"ஏன் காலியா விட்டிருக்க?"

மகள் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள்.

"புதன்கிழமை உன் செருப்புல செம்மண் இருந்துச்சு. மாசாமாசம் அந்த மண்ணக் கழுவிட்டுத்தான நான் வீட்டுக்குள்ள வரேன், எனக்குத் தெரியாதா? எழுதுடி."

"எனக்கு ஏம்மா அவ பேர வெச்ச?"

"அந்தப் பேரக் கூப்பிடாம என்னால இருக்க முடியல. பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு." தாய் வெற்றுக் கட்டத்தை விரலால் வருடினாள். "நீ பதில் சொன்ன. அப்புறம் அவளும் சொல்ல ஆரம்பிச்சிட்டா."

ஏடு ஒரு சான்று; தாய் இரண்டாம் சான்று. மகள் மைக்கோலை எடுத்து, வெற்றுக் கட்டத்தில் தன் பெயரை எழுதி, அதன்கீழ் இறந்த நாளையும் எழுதினாள். ஈரம் உலரும்வரை அந்தப் பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

ஏட்டில் பிழையென்று அடிக்கப்படுவோர் எல்லோரும் பிழையல்லர். அடித்த கை தேடி வரும்வரை பொறுமையோடு காத்திருப்போரும் அவருள் உளர். மறுநாட்காலை, மீண்டும் ஆற்றுப்பனி சாளரத்தைத் தடவிய வேளையில், பின்னறையிலிருந்து தாய் அப்பெயரைச் சொல்லி அழைத்தாள். மகள் எழவில்லை. பின்னறையில் ஒரு நாற்காலி மெல்ல நகரும் ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்துத் தாய் மறுபடியும் அழைத்தாள். முதல் அழைப்பு மூத்தவளுக்கு உரியது. இரண்டாம் அழைப்புக்கே அவள் எழுந்து சென்றாள்.