நடுச்சுவர்

சிங்காரவேலு கொத்தனார் கட்டிய சுவர் ஒன்று திருமானூரில் நிற்கிறது. கொள்ளிடம் பெருகிய வருசம் வெள்ளம் வந்து அதை முட்டிப் பார்த்துவிட்டு, தலை வலிக்கிறதென்று திரும்பிப் போய்விட்டதாம். இதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த கதையை ஆரம்பித்துவிடுவார்.

அவருக்குப் பேரன் பிறந்தான். மகள் மேகலாவுக்கு மாசமாக இருந்தபோதே சர்க்கரை. பிள்ளை நாலரைக் கிலோ. எடை மிஷின் "ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று கெஞ்சியதாக அரியலூர் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பால் குடிப்பதற்குள் நெற்றி வேர்த்தது. பெரம்பலூரில் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் சசிகலா, "இதயத்துல நடுச்சுவர் தடிச்சிருக்குங்க" என்றார்.

சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. "ஒம்போது இஞ்ச் இருக்குமா டாக்டரம்மா? நம்ம வம்சத்துல நாலரை இஞ்ச் செவுரு வச்சதே கெடையாது."

"யப்பா, செத்த சும்மா இருங்க" என்றாள் மேகலா.

டாக்டர் சிரிக்கவில்லை. "கட்டடம் கட்டுறவர்தானே நீங்க. நடுச்சுவர் உள்பக்கமாத் தடிச்சா ரூம் என்னாகும்?"

"சிறுத்துப்போகும்."

"பக்கத்துல இருக்குற வாசல்?"

அவர் இரண்டு கையையும் வாசல் அகலத்துக்கு விரித்து, மெல்ல நெருக்கிப் பார்த்தார். வாசல் குறுகினால் ரத்தம் எந்த வழியாக வெளியே போகும்? வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தடித்த சுவரை நினைத்து அவர் பயந்தார்.

"கொத்தி எடுக்கணுமா?"

"இப்ப வேணாம்ங்க. அம்மாவோட சர்க்கரை உள்ள போகப் போக, பிள்ளை இன்சுலினை அதிகமாச் சுரந்துச்சு. அதுல தடிச்ச செவுரு இது. தொப்புள்கொடி அறுத்தாச்சு, சப்ளை நின்னுபோச்சு. பெரும்பாலும் சில மாசத்துல தானாக் கரைஞ்சிரும். அதுவரைக்கும் விடாமப் பாத்துக்கிட்டு வரணும்."

தானாகக் கரையும் சுவரை அவர் நம்பவில்லை. அவர் கட்டியது அப்படிக் கரைந்திருந்தால் வீட்டுக்காரன் அவரை அதிலேயே கட்டி வைத்திருப்பான்.

அதன் பிறகு அவர் கதை சொல்வதில்லை. டீக்கடைக்காரருக்கே அது கவலையாகிவிட்டது. பேரன் தூங்கும்போதெல்லாம், பூசின சுவரைத் தட்டிப் பார்ப்பவர்போல அவன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூச்சு சற்று வேகமாகப் போனாலும் மேகலாவை எழுப்பிவிடுவார்.

மாதங்கள் போயின. மூச்சு சீரானது. பிள்ளை ஒரே மூச்சாகப் பால் குடித்தான். ஆறாம் மாத எக்கோவைப் பார்த்துவிட்டு டாக்டர், "செவுரு அளவுக்கு வந்துருச்சுங்க. அடுத்த பிள்ளைக்கு முன்னாடியே சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சிருங்க மேகலா" என்றார்.

சிங்காரவேலு வாங்கி வைத்திருந்த பூந்திப் பொட்டலத்தைப் பிரித்து டாக்டருக்குக் கொஞ்சம் கொடுத்தார். மேகலா கை நீட்டினாள். அவளைத் தாண்டி நர்சிடம் நீட்டிவிட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் தர்மராஜ் பிடித்துக்கொண்டார். "கொத்தனாரே, போன வருசம் எங்க வீட்டுக்கு நீங்க கட்டுன காம்பவுண்டு செவுரு கரைஞ்சு கொட்டுது."

சிங்காரவேலு டீயை நிதானமாக உறிஞ்சி முடித்தார்.

"பதறாத தர்மராசு. கரையுறது நல்லதுக்குத்தான். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."