லேட் நோயல் வீட்டு முறை

வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜமக்காளம் விரித்தாயிற்று, டீக்குப் பால் காய்ச்சியாயிற்று. நோயல் போன பிறகு என் மாமியார் பாக்கியவதி தானாக எழுந்து அடுப்பைப் பற்றவைத்தது அன்றுதான்.

நோயல் என் கணவர். பேத்தமங்களா ரோட்டில் பைக் சறுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகையே வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்துபோனார்கள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். ரயிலேறி பெங்களூர் போகிறேன், மொபைல் ஆப்புக்கு கோட் எழுதுகிறேன், திரும்பி வருகிறேன். அத்தை அப்படியில்லை. சபையார் வந்து உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லி ஜெபித்தால்தான் தன் நெஞ்சு ஆறும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நேரம் தாண்டியும் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

"இன்னாம்மா ஆனி, ஒருத்தரும் வரல? சாவு வுழுந்த வூடுன்னு ஒதுக்கிட்டாங்களா?" என்றார் அத்தை.

"அப்டில்லாம் இல்ல அத்தை. இருங்க, பாக்கறேன்."

சர்ச் ஆப்பைத் திறந்தேன். நான் எழுதிக்கொடுத்ததுதான். எந்த வாரம் யார் வீட்டில் ஜெபம் என்று சபையில் ஓயாத சண்டை. அதனால் குடும்பத் தலைவர்களின் பேர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, கடைசியாக முடிந்த பேருக்கு அடுத்த பேரைக் காட்டும்படி செய்திருந்தேன். போன வாரம் 'எம்' முடிந்தது. இந்த வாரம் 'என்', நோயல். ஆனால் 'இன்றைய வீடு: ஓபேது, நந்திதுர்க்' என்று காட்டியது. நந்திதுர்க் பக்கத்து ஏரியா, எங்கள் ஏரியா பேர் ஸ்கெலட்டன்.

சபைச் செயலாளர் இன்பராஜுக்குப் போன் போட்டேன். பின்னால் பாட்டுச் சத்தம்.

"இன்னா சிஸ்டர், நீங்க வரலியா? எல்லாரும் ஓபேது வூட்லதான் கீறோம்."

"இன்னிக்கி எங்க வீட்டு முறைண்ணா."

"அய்யோ! மத்தியானம்தான் பேரெல்லாம் சரி பண்ணேன். நோயலுக்கு முன்னாடி லேட் போட்டேன். மரியாதைக்குப் போடணுமில்ல?"

விஷயம் புரிந்துவிட்டது. செத்தவர் பேருக்கு முன்னால் லேட் போடாமல் எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகைகூட அச்சடிக்க மாட்டார்கள். ஆப்புக்கு ஏது மரியாதை? அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். லேட் போட்டதும் நோயல் 'எல்' வரிசைக்குப் போய்விட்டார். அந்த வரிசை எப்போதோ முடிந்துபோனது. ஆப் எங்களைத் தாண்டி 'ஓ'வுக்கு, ஓபேது வீட்டுக்குப் போய்விட்டது. ஆபீஸில் எவனாவது இப்படி யோசிக்காமல் எழுதியிருந்தால் கிழித்திருப்பேன்.

பேரைத் திறந்து லேட்டை அழித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நிமிஷம் எல்லார் போனிலும் 'இன்றைய வீடு: நோயல், ஸ்கெலட்டன்' என்று வந்திருக்கும்.

பாட்டுப் புத்தகமும் கையுமாக ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். ஜெபத்தில் நோயல் பேர் வந்ததும் அத்தை வாய்விட்டு அழுதார். நான் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது இன்பராஜ் வாசலில் நின்று, "லேட்ட மறுபடி போட்டுடுங்க சிஸ்டர். நான் தொட்டா கெட்டுப்பூடுது" என்றார்.

"வாணாம்ப்பா. அத எடுத்ததாலதான எல்லாரும் வந்தீங்க. எம்புள்ள பேரு அப்டியே இருக்கட்டும்" என்றார் அத்தை.

இன்பராஜ் சங்கடமாக என்னைப் பார்த்தார். அடுக்கும்போது லேட்டை விட்டுவிட்டுப் பார் என்று ஆப்புக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். லேட்டும் இருக்கும், வரிசையும் கெடாது. ஆபீஸுக்குப் புதிதாக வந்த பிள்ளைகூட டீ ஆறுவதற்குள் எழுதிவிடும்.

"முடியாதுண்ணா. லேட் போட்டா ஆப் ஒத்துக்காது" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. இன்பராஜ் பதறிப்போய், "சரி சரி, வுடுங்க சிஸ்டர்" என்றார். அத்தை என் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.