லேபிளை நீக்கும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் வீட்டை நீக்கிவிட்டார்கள். தவறு என்னுடையது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல்களுக்கு லேபிள் ஒட்டுவதும் எடுப்பதும் ஏஐ ஏஜென்டின் வேலை. வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டு மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பார். மேஜையில் பதினோரு கருவிகள். ஒவ்வொன்றின் மேலும் அது என்ன செய்யும் என்று ஒரு சீட்டு. சீட்டில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். சீட்டு எழுதுவது நான்.

ஆறாம் கருவிக்கு நான் எழுதியது இது: ‘குறிப்பிட்ட ஒரு மின்னஞ்சலிலிருந்து மட்டும் லேபிளை நீக்கும். லேபிள் அழியாது. மற்ற மின்னஞ்சல்களுக்கு ஒன்றும் ஆகாது. லேபிளையே அழிக்க ஏழாம் கருவியைப் பயன்படுத்தவும்.’ நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

மேனேஜர் வேதமூர்த்தி கத்தரிக்கோல் வைத்திருக்கிறார். எந்தச் சீட்டும் அவருடைய கட்டைவிரலைவிட நீளமாக இருக்கக் கூடாது. அது அலுவலக விதி. அவர் வெட்டிய பிறகு ‘லேபிளை நீக்கும்’ என்பது மட்டும் மிஞ்சியது. மீதியைக் காது குடைய வைத்துக்கொண்டார்.

அன்று காலை ஒரு பெயின்ட் கடை விளம்பரம் என்னுடைய ‘வீடு’ லேபிளுக்குள் வந்து விழுந்தது. அதை வெளியே எடுக்கச் சொன்னேன். ஏஜென்ட் ஆறாம் கருவியை எடுத்தார். உடனே தகவல் வந்தது: ‘வீடு நீக்கப்பட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’

பன்னிரண்டு மணிக்கு என் மனைவி பூங்கோதை போன் செய்தாள்.

“ஏங்க, சாவி கையில இருக்கு, வீட்டக் காணோம்.”

“நல்லாப் பாத்தியா?”

“வீட்ட எப்படிங்க நல்லாப் பாக்கறது? பதினாலாம் நம்பர் இருக்கு, பதினெட்டு இருக்கு. நடுவுல ஒண்ணுமில்ல. இப்ப வார்டு ஆபீஸ்ல நிக்கறேன். வீடு இருந்துச்சுன்னு வீடே வந்து கையெழுத்துப் போடணுங்கறாங்க. நான் பேசிப் பாக்கறேன். நாலு பத்துக்குப் பாப்பாவோட ஸ்கூல் வேன் வரும். நீங்க போய் நில்லுங்க.”

பாப்பா எங்கள் மகள் நறுமுகை. யூகேஜி படிக்கிறாள்.

நான் உடனே போயிருக்கலாம். ஆனால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. முதலில் ஏஜென்டிடம் போனேன்.

“ஒரு மெயில்லேருந்துதானே எடுக்கணும்?” என்று கத்தினேன்.

அவர் சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

“அது எங்கங்க போட்டிருக்கு?” என்றார். உண்மையாகவே கேட்டார். அவரைத் திட்ட மனம் வரவில்லை.

வேதமூர்த்தியின் அறைக்குப் புறப்பட்டேன். அந்த நடைபாதை, போகிறவர் சொல்லவிருக்கும் விஷயத்தின் அளவுக்கு நீளும். சாதாரணமாக இருபது அடி. அன்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான்கு மணி நேரம் நடந்தேன். நடக்க நடக்கப் புதுப்புது வசவுகள் தோன்றின. கதவு இன்னும் தள்ளிப் போனது.

வசவுகள் தீர்ந்து கதவு அருகே வந்தபோது, நாலு பத்துக்குப் போன் அடித்தது. வேன் டிரைவர் சகாயராஜ்.

“சார், இங்க உங்க வீடு இல்ல. பாப்பாவ என்ன பண்றது?”

பக்கத்து வீட்டில் விடச் சொல்லலாம். வார்டு ஆபீசில் அவள் அம்மாவிடம் விடச் சொல்லலாம். வழி சொல்ல வேண்டும், போன் நம்பர் சொல்ல வேண்டும். நினைத்தவுடனே நடைபாதை நீளத் தொடங்கியது. கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. விட மனமில்லை.

“இறக்கிடுங்க,” என்றேன்.

கதவு என் மூக்கில் வந்து இடித்தது. உள்ளே போனேன்.

“எதுக்கு சார் வெட்டினீங்க?”

“இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா? பொது அறிவுப்பா.”

“எழுதினாத்தான் சார் அவருக்குத் தெரியும்.”

“நாலு வரிய எவன்யா படிப்பான்?”

“அவர்தான் சார் படிப்பார். இந்த ஆபீஸ்ல முழுசாப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான்!”

மேஜையைக் குத்தினேன். கத்தரிக்கோல் துள்ளிக் கீழே விழுந்தது. வேதமூர்த்தி குனிந்து அதை எடுத்தார்.

“சரி, வேற ஒண்ணு உருவாக்கிக்கோ,” என்றார்.

ஏஜென்ட் இரண்டாம் கருவியால் ‘வீடு’ என்று புதிதாக ஒரு லேபிள் உருவாக்கினார். ஐந்தரைக்கு நான் தெருவுக்குப் போனபோது பதினாறாம் நம்பர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, சுவரில் பாப்பாவின் கிறுக்கல் இல்லை. புது லேபிள் காலியாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரிந்ததுதான்.

வாசலில் வேன் நின்றது. சகாயராஜ் அதன் படியில் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பா எங்க?”

“எறக்கிட்டேன் சார்.”

“எங்க எறக்குனீங்க?”

“நீங்க அது சொல்லலியே சார்.”

அவர் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு குறும்பும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

பூங்கோதை போன் செய்தாள். “பாப்பா வந்துட்டாளா?” என்று கேட்டாள்.

அப்போதும் எனக்கு வேதமூர்த்தியின் மேல்தான் கோபம் வந்தது.