சொகடு

சென்னிமலை வெறுங்கையோடு வந்து நின்றான்.

தாரணிக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. ஹனூரிலிருந்து அவள் தம்பி எப்போது மைசூருக்கு வந்தாலும், அவனுக்கு முன்னால் ஒரு மூட்டை வீட்டுக்குள் நுழையும். தக்காளி, பீன்ஸ், பூசணி. எதுவுமே விளையாத மாசத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையாவது. அவன் வராத வாரங்களில் மூட்டை மட்டும் தனியாக பஸ் ஏறி வரும். கண்டக்டர் போன் செய்வார். அவள் கணவன் சிவகுமார் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவான். இன்றைக்கு மூட்டையும் இல்லை, முன்கூட்டி ஒரு போனும் இல்லை. மார்கழிக் குளிரில் மப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையனைப் போல வாசலில் நின்றான்.

"வா மாப்ள, வா! என்ன, திடீர் விஜயம்?" என்றான் சிவகுமார்.

"சும்மா, உங்களையெல்லாம் பாத்துட்டுப் போலாம்னு, மாமா."

சும்மா வரும் ஆள் இல்லை அவன். தாரணிக்குப் பயம் வந்தது. காரணம் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு முன் சிவகுமாரின் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு என்றார். சொன்னது சிவகுமாரிடம், பார்த்தது தாரணியை. அன்றைக்கே அவள் சமையலறைக்குள் புகுந்து ஆட்சியைக் கலைத்தாள். பாலிஷ் அரிசி போய் ராஜமுடிச் சிவப்பரிசி வந்தது. பாக்கெட் எண்ணெய் போய் செக்கு எண்ணெய் வந்தது. காபியிலிருந்து சர்க்கரை போனபோது சிவகுமாரின் முகத்திலிருந்து சிரிப்பும் கூடவே போனது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்த நாளில்தான் அது திரும்பி வந்தது. காய்கறிகள் குவெம்பு நகரில் இருக்கும் ஆர்கானிக் கடையிலிருந்து மட்டுமே. கோணல் கத்தரிக்காய், ஓட்டை விழுந்த கீரை, மண் ஒட்டிய கேரட். அடுத்த ஸ்கேனில் டாக்டரே புருவத்தை உயர்த்தி, "என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். தாரணி அந்தக் கேள்வியை அபார்ட்மெண்ட் பூராவும் சொல்லிக் காட்டிவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். தம்பியின் மூட்டை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவனுடைய பம்ப்செட் ரூமில் பூச்சிமருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மூடியிருந்தும் நாறியது. அந்தக் காயை எப்படி அடுப்பில் ஏற்றுவது? ஆனால் தம்பியிடம் போய், "உன் காய் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதும் ஒன்றுதான், "நீ இனிமேல் வராதே" என்று சொல்வதும் ஒன்றுதான். அதனால் மூட்டை லிஃப்டில் மேலே வந்தது; மறுநாள் அதே லிஃப்டில் கீழே போனது. கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் மாதேவியிடம். மாதேவிக்கும் ஊர் ஹனூரை அடுத்த மார்டள்ளிப் பக்கம்தான். அவள் எப்படியும் மார்க்கெட்டில் இதைத்தானே வாங்கப் போகிறாள் என்று தாரணி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கேழ்வரகுத் தோசையை விண்டபடி சென்னிமலை கேட்டான்.

"போன வாரம் அவரைக்காய் அனுப்பியிருந்தேனே, எப்படீக்கா இருந்துச்சு?"

"பிரமாதம்டா."

"சூப்பர், மாப்ள" என்று சிவகுமார் தன் பங்குக்கு ஒரு கையெழுத்துப் போட்டான்.

"என்ன பண்ணுனீங்க?"

"சாறு" என்றாள் தாரணி. "பொரியல்" என்றான் சிவகுமார். ஒரே நொடியில்.

"அதாவது... பாதிய சாறு வச்சேன். மீதியப் பொரியல்."

சென்னிமலை தோசையைக் கீழே வைத்தான். "சொகடு இருந்துச்சா?"

அவரை சீசனில் மைசூர்க்காரர்கள் யாரும் காயின் அழகைப் பார்ப்பதில்லை. கையில் எடுத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார்கள். தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்து ஒரு காட்டு வாசனை எழும்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் சொகடு. அது இல்லாவிட்டால் எத்தனை பெரிய காயாக இருந்தாலும் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு நடந்துவிடுவார்கள்.

"இருந்துச்சே" என்றாள் தாரணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நெசமாச் சொல்லுக்கா. எனக்குத் தெரிஞ்சாகணும்." அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "புரட்டாசியில ஒருநாள் மருந்து அடிச்சுட்டிருந்தவன் அப்படியே வரப்புல விழுந்துட்டேன். உங்கிட்டச் சொல்லல. இனிமே அந்த டப்பாவத் தொடாதேன்னுட்டாரு டாக்டரு. சரி, கெடக்கட்டும்னு அவரையில மட்டும் ஒரு சொட்டுக்கூட அடிக்காம விட்டுப்போட்டேன். சாணியும் கோமியமும் வேப்பம் புண்ணாக்கும்தான். ஊரே சிரிக்குது. காயும் பாதிதான். வாசமாவது இருந்தாத்தான் இங்க கடைக்காரங்க நல்ல வெல குடுப்பாங்க."

"நீயே மோந்து பாத்திருக்கலாமே, மாப்ள?"

"என்ற மூக்கு செத்து வருசம் ஆச்சுங்க மாமா. சாம்பிராணிகூடத் தெரீல. வீட்டுக்காரி தமிழ்ப்ரியாவக் கேட்டா, வாசமும் இல்ல ஒரு மண்ணும் இல்லங்கிறா. இப்பக் காய்ப்புழு வேற வந்திருச்சு. கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சு மருந்தடிச்சே தீரணும்னு நிக்கிறா. சாயங்காலம் வரச் சொல்லியாச்சு. அக்கா மோந்துட்டுச் சொல்லட்டும், சொகடு இருந்தா மருந்து வேண்டாம், இல்லீன்னா நீ சொல்றபடின்னு சொல்லிப்போட்டு பஸ் ஏறிட்டேன்."

"அனுப்பும்போதே இதச் சொல்லியிருக்கலாமே, சென்னி!"

"சொன்னா எனக்காக நல்லாருக்குன்னு பொய் சொல்லுவே. அதான் சொல்லல."

அவன் குளிக்கப் போனான். குளியலறைக் கதவு சாத்தியதும் தாரணி லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டில் பாய்ந்தாள். இஸ்திரி வண்டியின் மேல் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மாதேவி துணி கொடுக்க எந்த பிளாக்குக்குப் போனாளோ! போன் போட்டாள். தார்ப்பாய்க்கு அடியிலேயே மணி அடித்தது.

மூச்சு வாங்க மேலே வந்தபோது, சென்னிமலை தலையைத் துவட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். இருந்தது என்று சொன்னால் மருந்து நிற்கும். இன்னொருத்தன் வரப்பில் விழ மாட்டான். ஆனால் வாசனையே இல்லாத காயை நம்பி அந்த நிலத்தைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு நின்றால்? இல்லை என்று சொன்னால், மருந்துதான். வாய் வரைக்கும் வந்த அடுத்த பொய்யைத் தாரணி விழுங்கினாள்.

"சென்னி, அந்தக் காய நான் சமைக்கவே இல்லடா."

சிவகுமார் உடனே பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அத மட்டும் இல்ல. ஒரு வருஷமா எதையும் சமைக்கல. நீ மருந்து அடிக்கிறேன்னு... எல்லாத்தையும் மாதேவிக்குக் குடுத்துட்டேன்."

சென்னிமலை துண்டை மடித்துச் சோபாவின் மேல் வைத்தான்.

"இத்தன நாளும் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான் மெதுவாக. "அதுல என்னென்ன அடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா இந்த ஒரு மூட்டைய மட்டும் நீ தின்னிருக்கலாமேக்கா."

எழுந்து மப்ளரைக் கட்டிக்கொண்டான். ஒரு செருப்புக்குள் காலை நுழைத்தான். தாரணி கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, நிற்கவும் இல்லை. கதவைத் திறந்தான்.

வெளியே மாதேவி, தலைக்கு மேல் உயர்ந்த துணி மூட்டையோடு.

"நல்லா இருக்கீங்களா தாரணியக்கா? நான் நல்லா இல்ல!" என்று உள்ளே வந்து மூட்டையை டொப்பென்று இறக்கினாள். "என்ன அவரைக்காயி குடுத்தீங்க நீங்க? வேல நேரத்துல வண்டி மேலயே உக்காந்து உரிச்சேன். அந்தப் பிசுக்கு விரிப்புல எறங்கிருச்சு. சூடு பட்டா குப்புனு கெளம்புது. பில்டிங்ல ஒரு வீடு பாக்கியில்ல, எல்லாரு துணியிலயும் அவரைக்காயி! மேல்மாடி மேடம் பட்டுப்புடவையத் தூக்கி மூஞ்சியில எறியாத கொறதான். விரிப்ப ரெண்டு தடவ தொவச்சுட்டேன், போவ மாட்டேங்குது."

அப்போதுதான் சென்னிமலையைக் கவனித்தாள். "இவுரு யாரு?"

"காய் அனுப்பினவரு" என்றான் சிவகுமார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "எங்களுக்கு மருந்து ஆகாதுன்னுதான் உனக்கு..."

"ஓகோ" என்றாள் மாதேவி, இடுப்பில் கை வைத்து. "அப்ப எனக்கு மட்டும் கல்லீரல் இல்லியா?"

தாரணிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நிதானமாக, முகத்தைப் பார்த்து. ஆனால் அதற்குள் அவள் கை மூட்டையை அவிழ்த்துவிட்டிருந்தது. மேலாக இருந்த சிவகுமாரின் வெள்ளைச் சட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். கரிச்சூட்டின் மணம் முதலில். அதற்கு அடியிலிருந்து பச்சையாக, பிசுபிசுப்பாக, மூக்கின் உள்சுவரைக் கிள்ளிக்கொண்டு அது ஏறி வந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சென்னி! இருக்குடா! அய்யோ, என்னா சொகடுடா இது!"

"நீ காலையிலிருந்து பொய்யாத்தான் சொல்லீட்டிருக்கே."

"அவளக் கேளு!"

"அத ஏன் கேக்கறீங்க!" என்று மாதேவி கையெடுத்துக் கும்பிட்டாள். "ராத்திரி சாறு வெச்சேன். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோட வந்து நின்னுட்டா."

சென்னிமலையின் சட்டைப்பைக்குள் போன் அலறியது. தமிழ்ப்ரியா. அவன் அதை எடுக்கவில்லை. அக்காவின் கையிலிருந்த சட்டையை வாங்கினான். இஸ்திரி மடிப்பு கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி, செத்த மூக்கோடு முகத்தை அதற்குள் புதைத்து மூச்சை இழுத்தான். தோள்கள் ஏறின, இறங்கின. மறுபடி ஏறின. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு வாசலிலுமாக நின்றபடி, முகத்தை எடுக்காமலே, எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.