முழு சிக்னல்

மகளின் குரல் கேட்டதும் காஜாக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துத் தருவதால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. "அம்மா, நான் எங்க போறேன்னா..." என்ற குரல் அதோடு அறுந்துபோனது. திருப்பிக் கூப்பிட்டால், கணக்கில் பணம் இல்லை என்று ஒருத்தி தேனொழுகச் சொன்னாள்.

செருப்புகூடப் போடாமல் ரீசார்ஜ் கடைக்கு ஓடினாள். மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவளுக்குத் தையலும் சாப்பாடும் மொட்டைமாடியில்தான். வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. ஆற்றைப் பார்த்த மூலையில், துணிக்கம்பத்தில் ஒரு பையைக் கட்டிப் போனைப் போட்டுவைத்தால் எல்லாக் கோடும் நிறைந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பாவி மனசு, மகளே பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி குளிர்ந்துபோகும்.

கடைக்காரர் பணத்தை ஏற்றிவிட்டுப் போனைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, அக்கரைக்குப் போயிருந்தீங்களா?"

"நான் எங்க போனேன்? மொட்டைமாடியை விட்டு நகரவே இல்ல."

"நீங்க நகரல, உங்க போன் போயிருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற நாட்டு டவர். அதைப் புடிச்சா ரோமிங். வர்ற போனை எடுத்தாக்கூட காசு. மெசேஜ் வந்திருக்குமே?"

வந்தது. 'எங்கள் நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஓயாமல் வந்தது. வேலையற்றவர்கள் அனுப்பும் விளம்பரம் என்று அழித்துக்கொண்டே இருந்தாள். கணவன் லாரி ஓட்டி ஆற்றைத் தாண்டிப் போய்வந்த காலத்துச் சிம் அது. அவன் செத்தும், அவன் போட்ட ரோமிங் சாகவில்லை.

மகள் பேசிய அதே எண்ணுக்கு அடித்தாள். ஒரு ஆள் எடுத்தார், பின்னால் ரயில் சத்தம்.

"அந்தப் பொண்ணா? என் போனை வாங்கித்தாங்க பேசுச்சு. அம்மா வெச்சிட்டாங்கன்னு அழுதுச்சு. ஜங்ஷன்ல இறங்கிடுச்சுங்க. அங்கேருந்து எல்லாப் பக்கமும் வண்டி இருக்கே, எங்க போச்சோ."

மகள் வாசல் தாண்டும்போது இவள்தான் கத்தினாள்: "போன் கீன் பண்ணிடாத. உன் குரலைக் கேட்டாலே வெச்சிடுவேன்." பெற்றவள் வாயா அது? சொன்னபடியே செய்துவிட்டாள் என்றல்லவா பிள்ளை நினைத்திருக்கும்!

"ரோமிங்ல விட்டா இந்தக் காசும் இப்படியே கரைஞ்சிடும்க்கா" என்று கடைக்காரர் நம்ம நாட்டு டவருக்கு மாற்றிக் கொடுத்தார். கோடுகள் படபடவென்று விழுந்து ஒன்றில் நின்றன. "ஆனா உங்க வீட்ல இது எடுக்காதே."

"இந்தப் படியில எடுக்குமா?"

அவர் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து கடைப்படியில் உட்கார்ந்தாள். மடியில் வைத்தால் அந்த ஒரு கோடும் போனது. முழங்காலில் வைத்தாலும் போனது. தலைக்கு மேல் தூக்கினால்தான் நின்றது. ஒரு கையால் ஊசியில் நூல் கோக்க முடியாது. கோக்காத நூல் தொங்க, சட்டைகள் மடியில் கிடந்தன. கடைக்காரர் சாப்பிடப் போக ஷட்டரைப் பாதி இறக்கினார். "கை வலிக்கும்க்கா, கொஞ்சம் இறக்குங்க" என்றார்.

ஆற்றுக்கு அப்பால் அந்த டவர் பளிச்சென்று தெரிந்தது. அவள் மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.